பல்லி முட்டையும் எட்டுச் சரிவுக் கூரையும்

ஒரு பல்லி முட்டை உத்தரத்திலிருந்து தரையில் விழுந்தது. கொல்கத்தா மாநகரத்தின் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று, அந்நகரின் பெஹாலா பகுதிக்குப் போய்வந்த பிறகு எனக்குத் தோன்றுகிறது.

வருடம் 1570. ஜியா கங்கோபாத்யாய் என்ற அந்தணரும் அவர் மனைவி பத்மாவதியும் காளிகாட்டில் தங்கியிருந்தார்கள். நெடுநாள் ஏக்கத்துக்குப் பிறகு அங்கே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெற்றவள் பிழைக்கவில்லை. துக்கத்தில் உடைந்த ஜியா எல்லாவற்றையும் விட்டுத் துறவியாகிவிட நினைத்தார். கண் திறக்காத சிசுவை யாரிடம் விட்டுப் போவது என்ற ஒரே கேள்வி அவர் காலைக் கட்டியது. அப்போதுதான் அவர் கண்ணெதிரே அந்த முட்டை விழுந்து உடைந்தது. உள்ளேயிருந்து ஒரு பல்லிக் குஞ்சு வெளியே வந்து அசையாமல் கிடந்தது. தாயும் இல்லை, கூடும் இல்லை. எங்கிருந்தோ ஒரு சிறு பூச்சி ஊர்ந்து அதன் வாயருகே வந்தது. குஞ்சு அதைப் பிடித்து விழுங்கிவிட்டு, சுவரேறிப் போய்விட்டது. ஜியா எழுந்தார். குழந்தையைக் காளி கோயில் பூசாரிகளிடம் ஒப்படைத்துவிட்டுக் காசிக்கு நடந்தார். காமதேவ பிரம்மச்சாரி என்ற பெயரில் பெரிய துறவியானார்.

இது அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அந்தக் குழந்தைதான் லட்சுமிகாந்தன். பின்னாளில் முகலாயத் தளபதி ராஜா மான்சிங் காசியில் காமதேவரைக் குருவாக ஏற்றார். வங்கத்துக்குப் படையோடு வந்தபோது, குருதட்சிணை போலக் குருவின் மகனைத் தேடிக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1608இல் ஜஹாங்கீரின் ஆட்சியில் லட்சுமிகாந்தனுக்கு ஜாகீர் கிடைத்தது. ராய், சவுத்ரி என்ற பட்டங்களும் வந்தன. சாவர்ண கோத்திரத்தார் ஆகையால் ‘சாபர்ண ராய் சவுத்ரி’ என்று வங்காளிகள் இன்றும் அந்த வம்சத்தை அழைக்கிறார்கள்.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் பல வருஷங்களாகக் குடியிருக்கும் என் பெரியம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. “இதைத் தெரிஞ்சுக்க பெஹாலா வரைக்கும் போகணுமாடா? கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே படியளக்கிறவன்டா அவன்” என்றாள்.

ஆனாலும் போகத்தான் வேண்டியிருந்தது. பல்லியைத் தினமும் பார்க்கிறோம். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் புரட்டுகிறோம். காஞ்சிபுரம் வரதர் கோயிலில் வரிசையில் நின்று தங்கப் பல்லியைத் தொட்டு வருகிறோம். சுவரில் நடக்கும் உயிருள்ள பல்லியை ஒரு நிமிஷம் நின்று பார்த்தவர் எத்தனை பேர்?

அதன் பாதத்தில் பசை கிடையாது. உறிஞ்சுகிண்ணமும் கிடையாது. விரலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அடர்ந்திருக்கின்றன. டோக்கே என்ற பெரிய பல்லியினத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு பாதத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் இழைகள் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வோர் இழையும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அந்த நுனிகள் சுவரை அத்தனை நெருக்கமாக அணுகுவதால், அணுத்திரள்களுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பே பல்லியைத் தாங்கிப் பிடிக்கிறது. உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் எல்லாப் பொருள்மீதும் இருக்கும் மிக மிக மெலிந்த ஈர்ப்பு அது. அதை ஒரு பிராணி காலடியில் லட்சக்கணக்காகச் சேர்த்து வைத்து நடக்கிறது. 2000இலும் 2002இலும் வந்த ஆய்வுகள்தான் இதை நமக்கு விளக்கின.

இன்னொன்று. முட்டையிடும் பருவத்தில் பெண் பல்லியின் கழுத்தின் இருபுறமும் வெள்ளையாக உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சுண்ணாம்புக் கிடங்கு. வரப்போகும் முட்டை ஓட்டுக்காகத் தாய் தன் கழுத்தில் சேமித்து வைக்கும் சுண்ணச்சத்து. இரண்டு முட்டைக்கு ஓடு கட்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. குஞ்சு வெளிவந்தபின் தாய் ஊட்டுவதில்லை, காப்பதுமில்லை. ஓட்டை உடைக்க மேல்தாடை நுனியில் சின்னஞ்சிறு பற்கள், வந்தவுடன் இரை பிடிக்கத் தெரிந்த உடம்பு என்று எல்லாவற்றையும் உள்ளேயே கொடுத்து அனுப்பிவிடுகிறாள். ஜியா கங்கோபாத்யாய் கண்டது இதைத்தான். அவருக்கு உருப்பெருக்கி தேவைப்படவில்லை.

சுண்ணாம்பு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

பெஹாலாவின் தென்பகுதியில் பரிஷா. டைமண்ட் ஹார்பர் சாலையின் மேலே இப்போது மெட்ரோ ஓடுகிறது. 2022 டிசம்பர் கடைசியில் திறந்த பாதை அது. சகேர் பஜார் நிலையத்தில் இறங்கி, மீன்கடையும் மருந்துக்கடையும் கடந்து உள்ளே நடந்தால், தெருவின் இரைச்சல் சட்டென்று அடங்கும் ஓரிடத்தில் சில பழைய தூண்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் இருந்த பழைய கூரை போய்விட்டது. பின்னால் துர்க்கைக்கான மண்டபம். இதுதான் ஆட்சாலா. ‘ஆட்’ என்றால் எட்டு, ‘சாலா’ என்றால் கூரைச் சரிவு. லட்சுமிகாந்தன் 1610இல் இங்கே துர்கா பூஜை தொடங்கினார் என்பது குடும்ப மரபு. இன்றைக்கும் அந்தப் பூஜை நிற்கவில்லை. வம்சம் கிளைவிட்டு, இப்போது எட்டு வீடுகளில் நடக்கிறது. ஆட்சாலா வீடு, பெரிய வீடு, நடு வீடு என்று அவற்றுக்குப் பெயர். ஆறு பரிஷாவிலேயே இருக்கின்றன. ஒன்று பிராட்டியில், ஒன்று நிம்தாவில்.

எட்டுச் சரிவு எப்படி என்று கேட்கலாம். கீழே நான்கு பக்கமும் நான்கு சரிவு. அதன் உச்சியில் சிறியதாக இன்னொரு கூரை, அதற்கும் நான்கு. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் மண்ணில், தண்ணீர் ஒரு கணமும் கூரைமேல் தங்கக் கூடாது. இரண்டு கூரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் உள்ளிருக்கும் வெக்கை வெளியேற வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் கட்டிடக் கலைஞரும் காகிதத்தில் போடவில்லை. மூங்கில் போட்டது. மூங்கிலை வளைத்தால் அது ஒரு வில்லாக நிற்கும். அந்த வளைவின்மேல் வேய்ந்தால் கூரையின் விளிம்பு இருபுறமும் தாழ்ந்து நடுவில் உயரும். வங்காளக் குடிசையின் அந்த வளைவைப் பிறகு செங்கல்லில் பிடித்துக் கோயில் கட்டினார்கள். முகலாயர் அதைப் பளிங்கில் பிடித்து ஆக்ரா கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர் அந்தக் குடிசையின் பெயரைச் சொல்லத் தெரியாமல் சொன்னதில் ‘பங்களா’ பிறந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் பங்களா என்று சொல்லும்போதெல்லாம் இந்த மூங்கிலின் வளைவைத்தான் சொல்கிறோம்.

பரிஷாவின் முதல் மண்டபம் மரத்தூண்களின்மேல் ஹோக்லா வேய்ந்த கூரையாக இருந்தது என்கிறார்கள். ஹோக்லா என்பது நம் ஊர் ஏரிக்கரைகளில் வளரும் சம்பங்கோரையின் சொந்தக்காரன். நீரில் நிற்கும் இந்தக் கோரையின் இலையை ஒடித்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு போல வரிசையாகக் காற்றறைகள். சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு மூச்சுக்காற்று அந்த வழியாகத்தான் இறங்குகிறது. அறுத்துக் காயவைத்த பிறகும் அறைகளில் காற்று இருக்கிறது. அதனால் கூரைக்குப் போட்டால் வெயிலை வெளியிலேயே நிறுத்திவிடும். வேருக்குக் கொடுத்த மூச்சு, மனிதனுக்குக் குளிர்ச்சியாகிறது. ஹூக்ளி ஆற்றின் பெயரே இந்தக் கோரையிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு.

1698 நவம்பர் 10 அன்று, இந்த இடத்தில்தான், பாரசீக மொழியில் எழுதிய ஒரு பத்திரம் கைமாறியது. சுதாநுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களில் வரி வசூலிக்கும் உரிமையை ராய் சவுத்ரி குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1,300 ரூபாய்க்குக் கொடுத்தது. கம்பெனியின் தரப்பில் சார்லஸ் ஐர். கம்பெனியின் முகவராக இருந்த ஜாப் சார்னாக்கின் மருமகன் அவர். குடும்பத்துக்கு விருப்பமில்லை. ஆனால் வங்கத்தை ஆண்ட இளவரசர் அசீம்-உஷ்-ஷானிடம் கம்பெனி ஏற்கெனவே 16,000 ரூபாய் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டிருந்தது. நகரத்தைச் சார்னாக் நிறுவினார் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். வரலாற்றறிஞர் குழு ஆராய்ந்தது. சார்னாக் கொல்கத்தாவின் நிறுவனர் அல்லர், அவர் வந்திறங்கிய ஆகஸ்ட் 24 அதன் பிறந்தநாளும் அன்று என்று 2003 மே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பெரிய நிம்மதி. ஊரை மனிதன் நிறுவுவதற்கு முன்னால் வேறொருவர் நிறுவிவிட்டார்.

ஆற்றைச் சொல்கிறேன்.

ஆட்சாலாவின் தூணடியில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். சாம்பல் நிறம், மாவு போல மென்மை. விரலில் தேய்த்து வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மினுங்குகிறது. அது மைக்கா. இமயத்தின் பாறையில் இருந்தது. பனிப்பாறை அரைத்து, மழை கழுவி, கங்கை சுமந்து, 2,500 கிலோமீட்டர் நடந்து வந்து இங்கே இறக்கி வைத்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. கடலுக்குள் போன வண்டல் வங்காள விரிகுடாவின் அடியில் விசிறிபோல் விரிந்து இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. அத்தனை நீளமான வண்டல் விசிறி பூமியில் வேறில்லை. இங்கே வாரி இறைத்தபின்னும் இமயம் தேய்ந்துவிடவில்லை. நிலத்தட்டுகள் மோதும் அழுத்தத்தில் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே இருக்கிறது. கொடுக்கக் கொடுக்க வளரும் மலை என்று சொன்னால் கவிதை என்பார்கள். இது அளந்து பார்த்த கணக்கு.

1835 முதல் 1840 வரை வில்லியம் கோட்டையில் நல்ல தண்ணீர் தேடித் துளையிட்டார்கள். 481 அடி இறங்கியும் பாறை தட்டுப்படவில்லை. களிமண், மணல், மறுபடி களிமண், மக்கிய மரத்தின் கரிய படுகை, எலும்புகள். நகருக்குள்ளேயே சியால்டாவில் குளம் வெட்டியபோது 30 அடி ஆழத்தில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள், நின்ற நிலையிலேயே, வேரோடு இருந்தன. இன்று சுந்தரவனத்தில் உப்புநீரில் நிற்கும் அதே மரம். அப்படியானால் சியால்டாவில் ஒருநாள் அலை வந்து போயிருக்கிறது. புலி உலவியிருக்கலாம். காடு முளைத்தது, நிலம் தாழ்ந்தது, ஆறு அதன்மேல் மண்ணைப் போர்த்தியது. அந்தப் போர்வையின்மேல்தான் கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரம்கூட இல்லாமல் ஒன்றரைக் கோடி மனிதர்கள் சமைத்துத் தின்று தூங்குகிறார்கள்.

கல் கிடைக்காத நாட்டில் மண்ணையே கல்லாக்க வேண்டும். கங்கைமண்ணில் தட்டி, நெல்வைக்கோலும் விறகும் போட்டுச் சுட்ட செங்கல்தான் வங்காளத்துப் பழைய வீடுகளின் உடம்பு. நம் செட்டிநாட்டுச் செங்கல்லைப் போலவே மெல்லியதாக இருக்கும். அதை ஒட்ட வைக்கச் சுண்ணாம்பு வேண்டும்.

கொல்கத்தாவின் பழைய மாளிகைகளுக்கு வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பங்கு சில்ஹெட் பக்கத்திலிருந்து, மேகாலயாவின் காசி மலைச் சரிவிலிருந்து, படகுகளில் வந்தது. அந்தச் சுண்ணாம்புக்கல்லை உடைத்து உற்றுப் பார்த்தால் உள்ளே வட்டவட்டமாகக் காசுகள் அடுக்கி வைத்தது போலிருக்கும். நும்முலைட் என்று பெயர். லத்தீனில் சிறு காசு என்று பொருள். நாலைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. அந்தக் கடலடியில் வாழ்ந்த ஓரணு உயிர்கள் அவை. கண்ணில்லை, வாயில்லை, மூளையில்லை. ஒரே ஓர் உயிரணு. ஆனால் அது கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து, அறை அறையாகத் தடுத்து, சுருள் சுருளாக ஒரு மாளிகை கட்டிக்கொண்டது. எகிப்தின் பிரமிடுக் கற்களிலும் இவை உண்டு. அங்கே வேலை செய்த கூலிகள் தின்று மீந்த பருப்பு கல்லாகிவிட்டது என்று உள்ளூரார் சொன்னதாக, 2,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்திராபோ எழுதி வைத்தார்.

அந்தக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலிருந்து கரியமிலவாயு பிரிந்து போகிறது. மீதியைத் தண்ணீரில் போட்டால் கொதித்துச் சீறி, வெண்ணெய் போல் குழைகிறது. சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து, நாம் விடும் மூச்சிலிருந்துகூட, அதே கரியமிலவாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. உலையில் இழந்ததைச் சுவரில் நின்றபடி மீட்டுக்கொள்கிறது. பூச்சு முழுதும் கல்லாக ஆண்டுகள் ஆகும். செங்கல்தூளான சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் இந்தச் சுர்க்கிச் சாந்தில்தான் எழுந்தது. நம் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்தார்கள்.

பல்லியின் கழுத்தில் இருந்ததும் இதே சுண்ணம்தான். முட்டை ஓடு, நும்முலைட்டின் கூடு, மாளிகையின் பூச்சு மூன்றும் வேதியியலில் ஒரே பொருள். உடையக் கூடிய ஒரு உயிரைச் சுற்றி ஓடு கட்ட வேண்டும் என்றால், படைத்தவன் மறுபடி மறுபடி இதையே கையில் எடுக்கிறான். மனிதன் வீடு கட்ட நினைத்தபோதும் அவன் கைக்கு இதுதான் தட்டுப்பட்டது.

ஐரோப்பியர்களும் இங்கே வந்து இதே மண்ணைத்தான் சுட்டார்கள். ஹூக்ளியில் வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் சந்தன்நகர். 1950 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். புதுச்சேரியின் ஆளுநராவதற்கு முன் துய்ப்ளே அங்கேதான் ஆட்சி செய்தார். ஆற்றங்கரையில் அவர் பெயரால் நிற்கும் மாளிகை இப்போது அருங்காட்சியகம். பிரான்சில் பிரபுக் குலங்களின் பழைய மாளிகைகளைச் சட்டத்தால் காப்பாற்றும் வழக்கம் ஆழமாக வேரூன்றியது. 1834இல் எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமே வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளரானார். 1913இல் இயற்றிய சட்டம் தனியார் குடியிருக்கும் வீட்டையும் நாட்டின் சொத்தாகக் கருதிக் காக்க வழிசெய்தது. வீடு குடும்பத்துக்குச் சொந்தம், அதன் அழகு எல்லாருக்கும் சொந்தம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் இதற்கான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2001இல் வந்தது. பரிஷாவில் குடும்பத்தாரே முன்கையெடுத்துப் பெரிய வீட்டில் ‘சாபர்ண சங்கிரஹசாலா’ என்ற அருங்காட்சியகத்தை நடத்துகிறார்கள். சட்டத்தைவிட அந்த அக்கறைமீது எனக்கு நம்பிக்கை அதிகம். பழைய வீட்டுச் சுவரில் உப்பு பூத்தால் உடனே சிமெண்டைக் குழைத்து அப்புகிறவர்களைக் கண்டால் என் நெஞ்சு பதறும். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அந்த மூச்சை அடைத்துவிட, ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். வங்காளிகள் இதை ‘நோனா தரா’ என்பார்கள், உப்புப் பிடித்தல். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

அந்தத் தெருவில் ஒரு பழைய மதிலின் உச்சியில் அரசங்கன்று ஒன்றைப் பார்த்தேன். நாலு இலை. ஏதோ பறவை தின்று எச்சமிட்ட விதை. அரசம்பழத்துக்குள்ளே பூ. அந்தப் பூவுக்குள் நுழைய ஒரே ஒரு வகைக் குளவி, கடுகைவிடச் சிறியது. அந்தக் குளவி இல்லாமல் விதை இல்லை, அந்தப் பழம் இல்லாமல் குளவிக்கு வம்சம் இல்லை. அப்படிப் பிறந்த விதை, ஊசிமுனை அளவு, சுண்ணாம்பின் ஈரத்தைத் தேடி வேர் விடுகிறது. பத்து வருஷத்தில் மதிலைப் பிளந்துவிடும். வீட்டைக் காப்பவர்கள் அதைப் பிடுங்கியே ஆக வேண்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கும்பிட்டுவிட்டுப் பிடுங்க வேண்டும். ஆற்றின் மறுகரையில் சிப்பூர் தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் பெரிய ஆலமரத்தின் அடிமரத்தைக் காளான் தின்றுவிட, 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுவில் தாய்மரம் இல்லாமலே, ஆயிரக்கணக்கான விழுதுகளில் அது இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. பரிஷாவின் எட்டு வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி தொடங்கும் சமயம் மறுபடி போனேன். ஆற்றோரம் எங்கும் நாணல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விடியற்காலையில் வாசலில் பவளமல்லி கொட்டிக் கிடந்தது. வங்காளிகளுக்கு அது ‘ஷியுலி’. இரவில் மலர்ந்து, வெளிச்சம் வருமுன் காம்பைவிட்டு உதிரும் பூ. தரையில் விழுந்த பூவைப் பூஜைக்கு எடுக்கலாம் என்ற விலக்கு இதற்குத்தான். இவை இரண்டும் பூத்தால் தேவி வருகிறாள் என்று அவர்கள் நாட்காட்டி பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.

சிலை செய்யும் முதியவரிடம் பேச வாய்த்தது. என்னைவிட மூத்தவர். அங்கே அண்ணனை ‘தாதா’ என்பார்கள், அப்படியே அழைத்தேன். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் கட்டி உடல் பிடிக்கிறார்கள். அதன்மேல் இரண்டு வகை மண். ஒட்டும் களிமண்ணுக்கு ‘ஏண்டேல் மாட்டி’, மணல் கலந்ததற்கு ‘பேலே மாட்டி’. களிமண் மட்டும் என்றால் காயும்போது வெடிக்கும், மணல்மண் மட்டும் என்றால் உதிரும். “எந்த அளவில் கலக்கணும் தாதா?” என்று கேட்டேன். உள்ளங்கையில் கொஞ்சம் குழைத்து என் கையில் வைத்தார். “கை கேட்டுக்கும்” என்றார். எனக்குப் புரிந்த வங்காளம் அவ்வளவுதான்.

பரிஷாவில் தேவி பொன்னிறம். பின்னால் மூன்று வளைவுகளாக எழும் தட்டியில் தசமகாவித்யைகளும் ராதாகிருஷ்ணரும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். சாக்தமும் சைவமும் வைணவமும் ஒரே தட்டியின் கீழ். வங்காளத்துத் தேவிக்குச் சாற்றும் வெள்ளை அணிகளில் மிக அழகியவை ஷோலாவில் செய்தவை. நம் தஞ்சாவூர்க் கலைஞர்கள் கோயில் மாதிரிகள் செதுக்கும் அதே நெட்டி. குளத்தில் வளரும் ஒரு செடியின் தண்டு, உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. வெள்ளைக்காரர்களின் ‘சோலா தொப்பி’ இந்தச் செடியின் பெயரைத்தான் சுமந்தது. மிதப்பதற்காகச் செடி தனக்குள் நிறைத்துக்கொண்ட வெறுமை, தேவியின் மகுடமாகிறது.

என்னை உலுக்கியது சப்தமி விடியல். ஒன்பது செடிகளை ஒன்றாகக் கட்டி, நீராட்டி, சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை உடுத்தி, பிள்ளையாரின் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். நவபத்ரிகா. வாழை, சேம்பு, மஞ்சள், சித்தகத்தி, வில்வம், மாதுளை, அசோகம், பெருஞ்சேம்பு, நெல். வெள்ளைக் காக்கணங்கொடியால் கட்டு. ஒவ்வொரு செடிக்கும் ஒரு தேவி. வாழையில் பிரம்மாணி, மஞ்சளில் துர்க்கை, வில்வத்தில் சிவை, நெல்லில் லட்சுமி. சிலை செய்யும் கலை வருவதற்கு முன்பே இப்படித்தான் கும்பிட்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சித்தகத்தியைப் பாருங்கள். பூவுக்கு மதிப்பில்லை, மரத்துக்கும் விலையில்லை. ஆனால் அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. நெல்லுக்குப் பக்கத்தில் அதை நிறுத்திக் கும்பிட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நுண்ணுயிரை அவர் பார்த்ததில்லை. பக்கத்து வயல் பச்சையாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்.

அஷ்டமி முடியும் கடைசி 24 நிமிடம், நவமி தொடங்கும் முதல் 24 நிமிடம். அந்த 48 நிமிடங்கள் சந்தி பூஜை. 108 தாமரை, 108 விளக்கு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாத சூட்சுமம் அதன்மேல் உள்ள கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் என்று நாம் படித்திருக்கிறோம். அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. தாமரைப் பூ தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. வெளியே 10 டிகிரிக் குளிர் என்றாலும் பூவுக்குள் 30 டிகிரிக்கு மேல், மனித உடம்பின் வெதுவெதுப்பை நெருங்கும் அளவுக்கு, இரண்டு மூன்று நாள் நிலைநிறுத்துகிறது. இரவில் அதற்குள் தங்கும் வண்டுக்குக் கதகதப்பு. சீனாவில் வறண்ட ஏரிப்படுகையில் எடுத்த ஒரு தாமரை விதை 1,300 ஆண்டுகள் உறங்கிவிட்டு முளைத்தது. மண்டபத்தில் ஒவ்வொரு பூவாக எண்ணி வைத்தபோது, உள்ளே விரல் விட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பூஜைக்கு வைத்த பூவைத் தொடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

2021 டிசம்பரில் கொல்கத்தாவின் துர்கா பூஜையை யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தசமியன்று அந்தப் பாரம்பரியம் தண்ணீரில் கரைந்துபோகிறது. பொன்னிறம் கழுவிப் போகும், மண் கரையும், வைக்கோல் மிதக்கும். இமயத்திலிருந்து வந்த மண் மறுபடி நீரோடு நடக்கத் தொடங்கும். மூங்கில் சட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அடுத்த ஆண்டு அதே மூங்கிலில் புது வைக்கோல்.

தேவி போன பிறகு ஆட்சாலாவுக்குத் திரும்பி வந்தேன். தூண்களுக்கு மேலே இருட்டிய வானம். மண்டபத்தில் காலி மேடைமேல் ஒரே ஓர் அகல் எரிந்தது. வழக்கமாக ஏற்றுவது அது. அந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வந்துகொண்டிருந்தன. பக்கத்துச் சுவரில், தலைகீழாக, ஒரு சின்னப் பல்லி காத்திருந்தது.